ஆதம்பாவாவின் வலது கை

என் தம்பி ஆதம்பாவா கடலில் வெடி போட்டு மீன் பிடித்தவன் அல்ல. கிண்ணியாவில் இன்றும் அவனைப் பற்றி அப்படித்தான் கதைக்கிறார்கள். அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் எப்படிப் போயின என்பது எனக்குத் தெரியும். குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் அதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வாப்பா முஹம்மது தம்பி தோணிக்காரர். என்னைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, நான்கு வயது இளையவனான ஆதம்பாவாவைத் தன்னோடு கடலுக்குக் கூட்டிப்போனார். நான் படித்துத் திருக்கோணமலைத் துறைமுகத்தில் பிரதம லிகிதர் ஆனேன். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு, ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு தூண்டில் சங்கம் தொடங்கினார்கள். டாக்டர், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி, பொறியியலாளர் என்று இருபது பேர் இருந்தார்கள். வருடத்துக்கொரு போட்டி வைத்து, வென்றவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, அவர் பெயரைச் சங்கத்துப் பலகையில் எழுதுவார்கள். மீன் விற்றுப் பிழைப்பவர்கள் அதில் சேர முடியாது.

அறுபத்திரண்டில் நான் விண்ணப்பம் கொடுத்தேன். சங்கத்தின் செயலாளர் கனகரத்தினம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். என்னைச் சேர்த்துக்கொண்ட செய்தியை அவரே என் துறைமுகக் கந்தோருக்கு வந்து சொன்னார்.

"பிரக்கிராசியார் கொஞ்சம் முறுக்கினவர், ஐசே. மீன்காரன்ட மகன் வந்தால் கிண்ணத்தை அவனிட்டையே குடுத்துப்போட்டு நாங்கள் வீட்டை போகலாம் எண்டார். நீர் பேனை பிடிக்கிற ஆள், மீன் பிடிக்கத் தெரியாது எண்டு சொல்லிச் சமாளிச்சுப்போட்டன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கிண்ணத்தை வென்று, வாப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரை அவர்களுடைய பலகையில் ஏற்றுவது என்று அப்போதே தீர்மானித்தேன்.

கனகரத்தினம் சொன்னது உண்மை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தம்பியிடம் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. நான் வாங்கிய பெரிய விளிம்புத் தொப்பியைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"இந்தத் தொப்பியக் கண்டா மீனெல்லாம் எழும்பி சலாம் சொல்லும், காக்கா. ஒரு நாளைக்கு என்னோட வாங்க, தங்கூசி பிடிக்கிற விதத்தைக் காட்டித்தாறன்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அறுபத்துமூன்று பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. உள்துறைமுகத்தில் ஆளுக்கொரு சிறு வள்ளம். தூண்டிலைத் தங்கூசி என்கிற நைலோன் நூலில் கட்டி வெறுங்கையால்தான் இழுக்க வேண்டும். பிடிப்பவர் தாமே மீனை வள்ளத்தில் ஏற்ற வேண்டும். தங்கூசியில் வேறொருவர் கை பட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. இதுதான் முக்கியமான விதி. பகல் பன்னிரண்டுக்கு மணி அடிக்கும்.

பதினொன்றரை வரை எனக்கு ஒன்றும் படவில்லை. பிறகு பட்டது. அப்படி ஒரு இழுவையை நான் அதுவரை அறியேன். நழுவிவிடும் என்ற பயத்தில் தங்கூசியை என் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். எந்தத் தோணிக்காரனும் செய்யாத காரியம். மீன் ஆழத்துக்கு ஓடியது. தங்கூசி தசைக்குள் இறங்கியது. வள்ளம் சரிந்து, என் தோள்வரை தண்ணீருக்குள் போய்விட்டேன்.

ஆதம்பாவா வலையை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தான்.

"காக்கா! கையில சுத்தினீங்களா? யா அல்லாஹ்!"

தோணியை என் வள்ளத்தோடு மோதவிட்டு, குனிந்து, என் கைக்கு அப்பால் தங்கூசியை வலது கையால் எட்டிப் பிடித்தான். பாரம் முழுவதையும் தன் கைக்கு எடுத்தான். அவன் விரல்களில் அது சுற்றிக்கொண்டதைக் கண்டேன். என் மணிக்கட்டுச் சுற்றுத் தளர்ந்தது.

"கையை எடு" என்று கத்தினேன். "உன்ட கை பட்டா மீன் சேராது!"

அவன் என்னைப் பார்த்தான். பிடித்த பிடியை விடவில்லை. மீன் களைத்த பிறகுதான் விட்டான். முப்பத்தொரு இறாத்தல் பாரை. கடைசியில் அதை வள்ளத்துக்குள் ஏற்றியவன் நான்தான். அந்தச் சிறு உண்மையை நான் பலமாகப் பிடித்துக்கொண்டேன்.

இறங்குதுறைப் பாலத்தடியில் எல்லோரும் கூடி நின்றார்கள். ஆதம்பாவாவும் என் வள்ளத்தைக் கட்ட உதவிக்கு வந்திருந்தான்.

"தனியவோ ஏத்தினனீர்?" என்று கனகரத்தினம் கேட்டார்.

"ஓம், தனியத்தான்."

"தோணியும் வள்ளமும் ஒட்டிக்கொண்டு நிண்டதைப் பிரக்கிராசியார் கண்டவராம்." அவர் என் தம்பியின் பக்கம் திரும்பினார். "ஆதம்பாவா, நீ சொல்லு. தங்கூசியில கை வைச்சனியோ?"

ஆதம்பாவா ஐந்து வேளையும் தொழுகிறவன். ஒரு வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லமாட்டான். வலது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்திருந்தான். சிவப்புக் கட்டம் போட்ட சாரம். அது நனைந்துகொண்டிருந்தது என் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது.

"இல்ல ஐயா. கிட்ட வந்து பாத்தன். தொடல்ல."

கிண்ணம் எனக்கென்று ஆனது; எல்லோரும் கை தட்டினார்கள். பிரக்கிராசியார்கூட வந்து என் கையைக் குலுக்கினார். திரும்பிப் பார்த்தபோது, தம்பி இடது கையால் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கிருந்த டாக்டர் எங்கள் சங்கத்து ஆள். வெட்டைப் பார்த்தால் தங்கூசி என்று விளங்கிவிடும். வீட்டில் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். எட்டாம் நாள் அவன் மனைவி றஹ்மா துறை கடந்து, திருக்கோணமலையில் இருந்த என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மச்சான், அவருக்குக் காய்ச்சல் தணியுதில்ல. கை கறுத்துப் போச்சு. உங்களுக்குச் சொல்லப்படா எண்டு என்னிட்டச் சத்தியம் வாங்கின."

நானே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அப்போது அந்தக் கையைப் பார்த்து, எது வெட்டியது என்று எவராலும் சொல்ல முடியாமல் இருந்தது. மூன்று விரல்களை எடுத்தார்கள்.

எங்கள் பகுதியில் விரல் போன மீன்காரனைக் கண்டால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். வெடி போட்டான், கையோடு வெடித்தது, படைத்தவன் தண்டித்தான். ஆதம்பாவா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலை இழுக்க ஏலாமல் தோணியை விற்றான். அடுத்த வருடம் அவன் மகள் ஸாலிஹாவுக்கு மூதூரில் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. வெடிக்காரன் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று சொல்லியனுப்பினார்களாம்.

அன்று நான் அவனிடம் போனேன்.

"சங்கத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போறன்" என்றேன்.

"விசரா உங்களுக்கு? வாப்பாட எழுத்து அந்தப் பலகையில இரிக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்தனான், காக்கா. வாசிக்கத் தெரியாட்டியும் காவல்காரனிட்டக் கேட்டுப் பாத்தன். என்ட விரல் இனி முளைக்கவா போகுது?"

அவன் தடுத்ததால் நிறுத்தினேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அவன் தடுக்க வேண்டும் என்று விரும்பித்தான் அவனிடம் முதலில் போனேன். நேரே கனகரத்தினத்திடம் போயிருந்தால் தடுக்க ஆள் இருந்திருக்காது.

எழுபத்தொன்றில் ஆதம்பாவா காய்ச்சலில் மௌத்தானான். மய்யித்தை, அவன் உயிரற்ற உடலை, குளிப்பாட்டப் பள்ளிவாசல் லெப்பையும், றஹ்மாவின் தம்பி அபூதாஹிரும், நானும் நின்றோம். வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கை என் கைக்கு வந்தது. இரண்டு விரல்களுக்கும் இடையில் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

"பாவம்" என்று அபூதாஹிர் மெல்லச் சொன்னார். "அந்த வெடியை மட்டும் தொடாம இருந்திருந்தா..."

"அவன் வெடி தொட்டவனில்ல" என்றேன். "என்ட தங்கூசிதான் இந்தக் கையை வெட்டின. என்னைக் காப்பாத்த வந்து பிடிச்சவன். நான்தான் பொய் சொன்னனான்."

லெப்பை என் தோளைத் தொட்டார். "மய்யித்தில கண்ட குறையக் கதைக்கப்படா, ஹாஜியார்."

"நான் அவன்ட குறையச் சொல்லல்ல. என்ட குறையச் சொல்றன்."

அபூதாஹிர் தண்ணீரை ஊற்றியபடியே சொன்னார்: "விளங்குது, மச்சான். குடும்பத்துக்கு ஒரு சொல் வரவிடமாட்டீங்க நீங்க. அது ஊருக்கே தெரியும்."

தம்பியின் பெயரைக் காக்க நான் பழியை ஏற்கிறேன் என்று எண்ணி, அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். கனகரத்தினம் கதிரையைவிட்டு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் என் பெயரை அழிக்கச் சொன்னேன்.

"ஐசே, தம்பியார் போன துக்கத்தில கதைக்கிறீர்" என்றார். "அந்த மனுசன் என்ர முகத்தைப் பாத்துத் தொடேல்லை எண்டு சொன்னவர். செத்த மனுசனைப் பொய்க்காரன் ஆக்கப்போறீரே?"

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். இடது மணிக்கட்டை அவர் முன் நீட்டினேன். தங்கூசி இறங்கிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. இன்றும் இருக்கின்றன.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தை எடுத்துத் தாமே என் கையில் கட்டிவிட்டார்.

"வாரை இறுக்கிக் கட்டிறீர்" என்றார். "அதுதான் தழும்பு."