கண்டக்டர் வாசித்த வேதியியல்

“எத்தி இல்லப்பா, எத்தில்.”

“சரி, எத்தில். எத்தில் ஆல்கஹால், ஃபீனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர். இந்த நாலுல எதுக்கு அமிலத்தன்மை அதிகம்?”

“மூணாவது. அசிட்டிக் அமிலம்.”

“ரைட், போலாம்!”

பஸ் கண்டக்டருக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்? இருபத்திரண்டு வருஷமாக ஜனங்களை ஏற்றி இறக்கிய வாய். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீடு வந்தால், யூனிஃபார்மை ஆணியில் மாட்டி, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மகளின் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஜன்னல் திரை மூடியிருக்கும். மகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அவளுக்குக் கண்நோய் வந்தது. மற்றவர்களுக்கு நாலு நாளில் போகிற நோய், இவளுக்குக் கருவிழி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

“பத்து நாளைக்குப் புத்தகம் கூடாது, போன் கூடாது, வெளிச்சமே கூடாது” என்றார் கண் டாக்டர். அவள் அழ ஆரம்பித்தாள். “அழவும் கூடாதும்மா” என்றார்.

இது அவளுக்கு இரண்டாவது தடவை. போன வருஷம் காலை வாரியது வேதியியல்தான். நாற்பத்தைந்து கேள்வியில் இருபத்திரண்டுதான் சரி. மிச்சத்தைக் குத்துமதிப்பாகக் குறித்துவைத்தாள். சரிக்கு நாலு மார்க் என்றால், தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழிந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் வீட்டு விசேஷத்துக்கும் வருவதில்லை.

“கண்ணுதானே லீவு போட்டிருக்கு? காது டூட்டியிலதானே இருக்கு? நான் படிக்கிறேன், நீ பதில் சொல்லு” என்றார் கண்டக்டர்.

புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முப்பது மாதிரி வினாத்தாள். முன்பு வைத்திருந்த பிள்ளை சரியான விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது. கண்டக்டருக்கு அது பெரிய சௌகரியம். கடைசிப் பக்கத்து விடைகளைப் புரட்டாமல், மகள் வாய் மூடுவதற்குள் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம்.

முதல் நாள் நாற்பத்தைந்துக்கு முப்பது. மூன்றாம் நாள் முப்பத்தேழு. ஆறாம் நாள் நாற்பத்தொன்று!

“என்னமோ தெரியலப்பா, நீங்க படிச்சா எல்லாம் பளிச்சுனு புரியுது” என்று சிரித்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கண்டக்டர் அடுக்களைக்குப் போய், தண்ணீர் குடிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் அவருடைய அக்கா வந்திருந்தார். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவர். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து முழுத் தாளையும் கேட்டார். மகள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ள உள்ளே போனதும், “எனக்கும் ரெண்டு கேள்வி கேளுடா தம்பி” என்றார்.

“உனக்கா? சரி, வாங்கிக்கோ. வெள்ளியைக் கண்ணாடி மாதிரி படியவைக்கிறது எது? அசிட்டோன், அசிட்டால்டிஹைடு, எத்தனால், ஈதர்.”

“ரெண்டாவது.”

“அட! குருட்டாம்போக்குல அடிச்சிட்டே.” அடுத்ததைப் படித்தார்.

“நாலாவது.”

அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி. ஐந்து கேள்வி, ஐந்தும் சரி. கண்டக்டர் புத்தகத்தைத் தாழ்த்தி அக்காவைப் பார்த்தார்.

“நீ எட்டாவதோட நின்னவதானே?”

“எட்டாவது ஃபெயிலு.”

“அப்புறம் எப்படிக்கா?”

“நான் எங்கடா கெமிஸ்ட்ரியைக் கேட்டேன், உன் குரலைத்தான் கேட்டேன். மத்ததையெல்லாம் கடகடன்னு ஓட்டுற. டிக் போட்ட இடம் வந்ததும் குரலை இறக்கி, ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துற. கடைசி ஸ்டாப் வந்த மாதிரி. தூங்குறவனும் எந்திரிச்சு இறங்கிடுவான்.”

கண்டக்டர் புத்தகத்தை மூடினார்.

“அவளுக்கு அது தெரியாதுக்கா. வேணும்னு செய்யல அவ.”

“வேணும்னு செய்யுறான்னு நான் சொன்னேனா? பாவம், எல்லாம் தனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. பரீட்சை ஹாலுக்கு நீ கூடப் போகப் போறியா?”

“ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் சிரிக்கிறா. அதுல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?”

“என்னை ஏன்டா கேக்குற? சந்தேகமா இருந்தா நாளைக்கு வேற விடையில இழுத்துப் பாரு.” அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பைத் தவற விட்டார். “அண்ணே, தூக்கமா?” என்று டிரைவர் கேட்டார். அக்கா எதையாவது கண்டுபிடிப்பாள், அவளுக்கு வேலையே அதுதான் என்று ஒரு தரம் நினைத்தார். அப்படியே இருந்தாலும் தைரியமும் ஒரு மருந்துதானே என்று இன்னொரு தரம். எந்த நினைப்பும் நிலைக்கவில்லை.

மத்தியானம் புத்தகத்தை விரித்தார். அவளுக்கு நிச்சயம் தெரிந்த ஒன்றாகத் தேடி எடுத்தார்.

“ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாதது எது? தண்ணீர், அம்மோ…னியா… ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, மீத்தேன்.”

அவள் யோசிக்கவே இல்லை. “அம்மோனியா.”

வேண்டுமென்றே குரலை இறக்கினார். அவளும் அங்கேயே இறங்கிவிட்டாள்.

“தப்பும்மா. மீத்தேன்.”

“மீத்தேனா? ஆமா… எனக்கு நல்லாத் தெரியுமேப்பா! எப்படி மாத்திச் சொன்னேன்?”

இதற்கு மேல் மறைக்க அவரால் முடியவில்லை. டிக்கைச் சொன்னார், அக்காவைச் சொன்னார், இப்போது தான் செய்த காரியத்தையும் சொன்னார். அவள் முகம் கண்ணாடிக்குக் கீழே இறுகிக்கொண்டே வந்தது.

“அப்போ நாற்பத்தொண்ணும் உங்க மார்க்கு.”

“அப்படி இல்லடா…”

“எத்தனை என்னுது? சொல்லுங்க.”

“எத்தனை உன்னுது, எத்தனை என் குரலோடதுன்னு எனக்கே தெரியலம்மா.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்டக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. தெருவில் யாரோ யாரையோ சைக்கிளை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

“டிக் போடாத தாள் இருக்கா அதுல?” சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கடைசி மூணு தாளை அந்தப் பிள்ளை தொடவே இல்லை.”

“அதை ஏன் எடுக்கல?”

“எனக்கே விடை தெரியாம எப்படிம்மா படிக்கிறது?”

“நான் அப்படித்தான் பரீட்சை எழுதப் போறேன். படிங்க.”

படித்தார். போர்டு இல்லாத பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பது போலிருந்தது. எந்த விடையில் வேகத்தைக் குறைப்பது என்று தெரியாததால் எல்லாம் ஒரே சீராக வந்தன. அவளோ ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தாள். “மறுபடியும் படிங்க” என்றாள். சிலவற்றுக்கு வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டு, “விடுங்க, தெரியாது” என்றாள். போன வருஷம் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. அவள் சொன்னதையெல்லாம் அவர் ஒரு பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். முடிந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டார். சொல்லத் தயக்கமாக இருந்தது.

“சொல்லுங்கப்பா.”

“இருபத்தேழு சரி. பத்து தப்பு. எட்டு விட்டுட்டே.”

அவள் உதடு அசைந்தது; கணக்குப் போடுகிறாள். “தொண்ணூத்தெட்டு மார்க். போன வருஷம் அறுபத்தஞ்சு.”

“போதுமாம்மா?”

“போதாது” என்றாள். எழுந்து உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள். “தப்பான பத்தை மட்டும் படிங்க.”

“முதல் தப்பு. புரோப்பீனோட ஹைட்ரஜன் புரோமைடு, ஒரு அம்புக்குறி, என்ன கிடைக்கும்? நீ ரெண்டு-புரோமோபுரோப்பேன்னே. ஒண்ணு-புரோமோபுரோப்பேனாம்.”

“இருக்காது. புத்தகத்துல தப்பாப் போட்டிருப்பான்.” உடனே சொல்லிவிட்டாள். பிறகு விரலால் போர்வையின்மேல் எதையோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். “அப்பா, அந்த அம்புக்கு மேல ஏதாவது எழுதியிருக்கா?”

அவர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். “எறும்பாட்டம் என்னமோ இருக்கு. பெர்… பெராக்சைடு.”

“அய்யோ!” தொடையில் அடித்துக்கொண்டாள். “அது இருந்தா புரோமின் இடம் மாறிப் போய்ச் சேரும்ப்பா! அதை ஏன் படிக்கல?”

“அம்புக்கு மேல இருக்கிறதை நான் எந்தத் தாள்லயும் படிச்சதில்லையேம்மா. நீயும் இத்தனை நாள் கேட்டதில்லை.”

அவள் நாற்காலிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“இனிமே கேப்பேன்” என்றாள். “மேல, கீழ, ஓரத்துல, எது இருந்தாலும் படிங்க.”

“பக்க நம்பர்?”

“கிண்டலா?”

“இல்லம்மா. ஒண்ணையும் விட்டுடக் கூடாதுல்ல.” கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது தப்புக்குப் புரட்டினார். “பக்கம் இருநூற்றுப் பதினொண்ணு.”