மூச்சுப் பள்ளம்

என் கணவரும் நானும் ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையில் குப்பை கொட்டினோம். கொட்டியது களிமண். மெல்லிய ஏடுகளாக அடுக்கிய மண் அது. அந்த ஏடுகளுக்கு நடுவே, சோப்பில் இருப்பது போன்ற நீண்ட வால் கொண்ட மூலக்கூறுகளை நுழைப்போம். வால்கள் விறைத்து நிற்கின்றனவா, சுருண்டு கிடக்கின்றனவா, உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டதா என்று அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மண்ணை வைப்பதற்கு முன் வெறும் கருவியை ஒருமுறை அளக்க வேண்டும். அதற்குப் பேக்ரவுண்டு என்று பெயர். அறைக் காற்றைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு திரையில் வரையும் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் அதைக் கழித்துவிடும். பக்கத்தில் யாராவது மூச்சு விட்டால் அந்தக் கரியமில வாயுவும் பதிந்துவிடும். கடைசியாக அதை எடுத்தது அவர்தான். எடுத்த கையோடு முகம் கழுவி வருகிறேன் என்று போனவர், குழாயடியிலேயே விழுந்துவிட்டார். தூக்கும்போதே உயிர் இல்லை.

அதன்பின் நான் அளந்த மண்ணிலெல்லாம், கரியமில வாயுவின் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியது. அறையில் இல்லாத ஒரு மூச்சைக் கருவி கழித்துக்கொண்டே இருந்தது. நான் புது பேக்ரவுண்டு எடுக்கவில்லை. எங்கள் பழைய கருவியில் புதிது வந்தால் பழையது அழிந்துவிடும். தூங்குகிறவர் பக்கத்தில் போவது போல அடிமேல் அடிவைத்து அறைக்குள் போவேன். திரையில் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வீட்டில் அவர் எங்கேயும் இல்லை, இங்கே இருந்தார்.

அடுத்த மேசையில் என் நாத்தனார். வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரியது. பழைய பேக்ரவுண்டால் மண்ணின் ஈரக் கணக்கு பிசகுவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவர் பெயரில் வரப்போகும் கடைசிக் கட்டுரை இது, தப்பும் தவறுமாகவா அனுப்புவது என்று சண்டைக்கு வந்தாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். கடைசியில் தாங்க முடியாமல், அது அவர் மூச்சு என்று சொல்லிவிட்டேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, பேக்ரவுண்டு எடுக்கிறப்ப அண்ணன் மூச்சே விடமாட்டாரே. நான் வாயத் தொறந்தாலே வெளிய போன்னு விரட்டுவாரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அன்று அவர் தோளருகே நின்று, வீட்டுத் தாழ்ப்பாள் மறுபடியும் மாட்டமாட்டேன் என்கிறது என்று வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தது நான். அவர் மூச்சை அடக்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை விரட்டவில்லை. முகம் கழுவி வந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். இத்தனை நாளும் நான் தொட்டுத் தொட்டு அழுதது என் மூச்சைத்தான்.

நாத்தனார் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு புது பேக்ரவுண்டு எடுத்தேன். அடக்கியபடியே மண்ணை வைத்தேன். பள்ளம் இருந்த இடத்தில் கோடு தட்டையாக ஓடியது.

அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தாலும், கோடு இப்படித்தான் ஓடியிருக்கும்.