அடுத்த கிழமை வரும் வீடியோ

லண்டன் மோர்டனில் வீடியோக்காரர் றொனால்டின் போன் அடித்தால், யார் என்று பார்க்காமலே அவருடைய மனைவி துசியந்திக்குத் தெரிந்துவிடும். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனுசன் கத்தியை வைத்து, தொண்டையைச் செருமி, முகத்தில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டால் அது லூர்தம்மாதான். சிரிப்பு போனில் தெரியாது. ஆனாலும் பொய் சொல்லுகிறவனுக்கு அது ஒரு கைத்தடி.

“அக்கா, எடிட்டிங் முடியுற கட்டம். அடுத்த கிழமை கட்டாயம்.”

“ஓம் தம்பி, உங்களுக்கும் வேலை கூடத்தானே. முழு வீடியோவுக்கு அவசரமில்லை. இவர் கல்யாண ஹோலில மைக் பிடிச்சுக் கதைச்ச துண்டை மட்டும் எண்டாலும் தாங்கோவன். கடைசியா என்னைப் பார்த்து என்னவோ சொன்னவர். சனம் கைதட்டின சத்தத்தில எனக்குக் கேக்கேல்லை. வீட்டை வந்து கேட்டதுக்கு, ‘வீடியோ வரட்டும், அதில பாரும்’ எண்டு சிரிச்சார். வாற மாசம் ஆண்டு நினைவுப் பூசை. அண்டைக்கு அதைப் போட்டுப் பாப்பம் எண்டுதான்.”

லூர்தம்மாவின் கணவர் சூசைதாசன் லண்டனில் பஸ் ஓட்டியவர். வாயில் கொழுக்கட்டையா என்று சனம் கேட்கிற அளவுக்குப் பேசாத மனிதர். போன வருடம் ஆவணியில் மகள் றூபினியின் கல்யாணத்தில் அவர் மைக்கைப் பிடித்ததே ஓர் அதிசயம். மார்கழியில் மாரடைப்பு வந்து, வீடியோவைப் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த வீடியோ றொனால்டிடம் இல்லை. கல்யாணம் முடிந்த கிழமையே அது போய்விட்டது.

நடந்தது இதுதான். அடுத்த சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சாமத்திய வீட்டில், பெரியபிள்ளையான சடங்கில், அவர் வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. கமராவின் கார்டுகளுக்கு இடம் வேண்டும் என்று, கல்யாணம் முழுவதையும் ஒரே ஒரு ஹார்ட் டிரைவில் ஏற்றிவிட்டு, கார்டுகளைத் துடைத்துவிட்டார். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. இரண்டு நாளில் அந்த டிரைவ் ‘டிக், டிக்’ என்று சத்தம் போடத் தொடங்கியது.

றொனால்ட் கெட்டவர் இல்லை. பயந்தவர். வீடியோக்காரனுக்குப் பெயர்தான் முதல். ‘றொனால்ட் கல்யாண வீடியோவைத் துலைச்சிட்டானாம்’ என்று பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு வாய் சொன்னால், அடுத்த பூசைக்கு முன்னம் லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு தானே வைத்தியம் பார்த்தார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். குளிரில் வைத்தால் சரிவரும் என்று இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொலித்தீனில் சுற்றி பிரீசரிலும் வைத்தார். மீன் எடுக்கப்போன துசியந்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதென்ன, குழம்பு வைக்கிறதோ, பொரிக்கிறதோ?” என்று கேட்டாள்.

எங்கள் சனம் கல்யாண வீடியோவுக்குக் காத்திருக்கப் பழகிய சனம். முதற்பிள்ளையின் ஞானஸ்நானம் முடிந்த பிறகு பெற்றோரின் கல்யாண அல்பம் வந்துசேர்ந்த வீடுகள் இங்கே உண்டு. அந்தப் பொறுமைக்குப் பின்னால்தான் றொனால்ட் ஒரு வருடமாக ஒளிந்திருந்தார்.

இப்போது ஆண்டுப் பூசைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பழுதான டிரைவுகளிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுக்கும் ஓர் இடத்துக்கு, குரொய்டனுக்கு, அந்த டிரைவைக் கொண்டு ஓடினார். அங்கே வேலை செய்யும் கோமதி மதுரைக்காரப் பெண். சில நாட்கள் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினாள். கோயிலில் எடுத்த பகுதி பெரும்பாலும் வந்திருந்தது. ஹோலில், சூசைதாசன் மைக்கை வாங்குகிறார், கோட்டை இழுத்து விடுகிறார், வாயைத் திறக்கிறார். படம் அப்படியே நின்றுவிட்டது.

“இதுக்கு மேல எடுக்க ஏலாதோ?”

“முடியல சார். உள்ள தட்டெல்லாம் கீறிப்போயிருக்கு. சத்தம் வந்த அன்னைக்கே நிறுத்திட்டு எங்ககிட்ட கொண்டு வந்திருந்தா முக்காவாசி கிடைச்சிருக்கும். போட்டுப் போட்டுப் பாத்ததுலதான் கீறல் ஜாஸ்தியாயிடுச்சு.” அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. “பயத்துல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க சார். ஆமா, ஹால்ல வேற யாராவது போன்ல எடுத்திருப்பாங்களே, கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்கவில்லை. கேட்பதென்றால் துலைத்ததைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து, “அந்த நேரம் மைக் வேலை செய்யேல்லை எண்டு சொல்லிவிடுவமோ?” என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

துசியந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இஞ்சேருங்கோ, ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னும் எத்தினை பொய் சொல்லப்போறியள்? அந்த மனுசி நீங்கள் போனா முதலில தேத்தண்ணிதான் வைக்கும். வெளிக்கிடுங்கோ, நானும் வாறன்.”

லூர்தம்மா அன்றும் தேத்தண்ணி வைத்தார். அது ஆறும்வரை தொடாமல் இருந்துவிட்டு, றொனால்ட் எல்லாவற்றையும் சொன்னார். பிரீசரைக்கூட விடவில்லை.

“ஒரு வருசமா அங்கிள்?” தாயின் பக்கத்தில் இருந்த றூபினி எழுந்து நின்றுவிட்டாள். “எவ்ரி வீக் அம்மா உங்களுக்குப் போன் பண்ணினவ. ஒருக்காக்கூட உங்களுக்கு மனம் கேக்கேல்லையோ?”

லூர்தம்மா சுவரில் இருந்த கணவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு றூபினியின் ஏச்சு எவ்வளவோ மேல்.

அன்றே றூபினி கோயில் பங்குச் சனத்தின் வாட்ஸ்அப் குழுவில் விசயத்தைப் போட்டாள். சனம் ஏசும் என்று றொனால்ட் நடுங்கிக்கொண்டிருக்க, அது ஏசவில்லை, தேடியது. கேக் வெட்டினது, ஆடினது, பிள்ளைகள் மேசைக்குக் கீழே படுத்தது என்று துண்டு துண்டாக வந்து குவிந்தது. சூசைதாசனின் பேச்சு மட்டும் இல்லை. அந்த நேரம் சனம் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி கைதட்டியதே தவிர, போனை எடுக்கவில்லை.

அடுத்த நாள் அதே கோயிலுக்கு வரும் றோஸ்மலர் லூர்தம்மா வீட்டுக்கு நேரில் வந்தார். மீட்ட துண்டுகளைக் கொடுக்க அங்கே வந்திருந்த றொனால்டுக்கு அவரை நல்ல ஞாபகம். ‘கமராவை மறைக்காதேங்கோ அக்கா’ என்று கல்யாணத்தில் றொனால்ட் சத்தம் போட்டு விரட்டியது இந்த மனுசியைத்தான்.

“நீர் ஏசினாப் பிறகு நான் பக்கத்தில நிண்டு முழுசா எடுத்தனான்,” என்றார் றோஸ்மலர். “போன மாசம்தான் போன் நிரம்பிப்போச்சு எண்டு அழிச்சனான். உம்மட வீடியோ வருமெண்டு நினைச்சன்.” பிறகு லூர்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். வீட்டில எத்தினை தரம் போட்டுக் காட்டினனான். நீ கேட்டிருப்பாய் எண்டெல்லோ இருந்தன். ‘இந்தப் பிள்ளையை வளத்தது நான் இல்லை, லூர்துதான். நான் பஸ்தான் ஓட்டினனான். இதை நான் அவவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, இண்டைக்குச் சொல்லுறன்.’ இதுதான் சொன்னவர்.”

லூர்தம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். றூபினி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். றொனால்டுக்கும் கண் நிறைந்தது.

“அவர் சொன்ன சொல்லு கிடைச்சிட்டுது,” என்றார் லூர்தம்மா கடைசியில். “குரல்தான் இல்லை.”

“என்னை மன்னியுங்கோ அக்கா.”

“மிசின் பழுதாப் போனா நீங்கள் என்ன செய்யிறது தம்பி? அதுக்கு உங்களில கோவமில்லை.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா ஒண்டு சொல்லுறன், ஆருக்கும் உதவும். பிழை எல்லாருக்கும் வாறதுதான். வந்த அண்டைக்கே வாய் திறந்து சொன்னா, அதைத் திருத்த நாலு பேர் வருவினம். ஒளிச்சு வைச்சா, நாள் போகப்போகத் திருத்த ஏலாததாப் போயிடும். நீங்கள் அண்டைக்கே ‘அக்கா, வீடியோ பழுதாப் போச்சு’ எண்டு சொல்லியிருந்தா, எனக்கு ஒரு வீடியோவும் தேவைப்பட்டிராது. அப்ப அவர் உயிரோட இந்தக் கதிரையிலதானே இருந்தவர். இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு நான் அவரிட்டயே கேட்டிருப்பன்.”