பதினொரு வாரங்கள்

மேனகா எங்கள் லாட்ஜில் வந்து இறங்கியபோது நான் ஷிப்ட் முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி. சேலத்திலிருந்து வந்த வேனில் இருபத்தாறு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு பிரிண்டர், இரண்டு மூட்டை சணல் பைகள். கடைசியாக அவள் இறங்கினாள். முன்நெற்றியில் நரை. சாயம் பூசவில்லை.

ஒரு காலத்தில் நானும் அவளும் ஒரே துறையில், ஒரே கைடிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். அவள் முடித்தாள். நான் நான்காம் வருடம் பாதியில் விட்டேன். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது அவள் உதவிப் பேராசிரியர். நான் இந்த மலையூரில் ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்து லாட்ஜில் இரவு முழுக்க விழித்திருந்து அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிறவன்.

"நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சுதான் ஆசிர், பயிற்சிய இந்த லாட்ஜ்ல வெச்சேன்" என்றாள், எடுத்த எடுப்பில்.

மேனேஜர் செல்வமேரி அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், எங்க ஆசிர உங்களுக்குத் தெரியுங்களா?"

"எம் பக்கத்து மைக்ராஸ்கோப்புங்க இவன்."

அக்காவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் சிரித்து வைத்தார்.

மேனகா என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். பல்கலைக்கழகம் இடையில் விட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறது. பழைய பதிவைப் புதுப்பிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஏற்றுக்கொள்ள ஒரு கைடு, மூன்று நாள் பயிற்சி முடித்ததற்கு ஒரு சான்றிதழ், இரண்டும் இருந்தால் போதும்.

"கைடு நானு. பயிற்சி இதுதான். பகல்ல வந்து உக்காரு. தூங்குனாக்கூடப் பரவால்ல, கொறட்ட விட்டீன்னா மட்டும் எழுப்பி வெளிய அனுப்பிருவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை.

குளித்துவிட்டு ஒன்பதரைக்கு ஹாலுக்குப் போனேன். ஷீனா என்ற முதுகலை மாணவி பெயர் அட்டையை நீட்டினாள். சணல் பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா, நிகழ்ச்சி நிரல். பேனா எழுதவில்லை. அந்தக் காலத்திலும் பயிற்சியில் கொடுக்கும் பேனா எழுதாது.

எங்கள் கைடுக்கு ஒரு கொள்கை இருந்தது. முதலில் தரவு சேர், அப்புறம் பயிற்சிக்குப் போ. எப்படிச் சேர்ப்பது என்று கற்றுத்தருவதுதான் பயிற்சி என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கடைசி வருடத்தில்தான் எங்களை வெளியே விட்டார். விட்ட பிறகு நாங்கள் ஒன்றையும் விடவில்லை. நான், மேனகா, அதே கைடிடம் இருந்த சின்னராஜ். அறிவிப்புப் பலகையில் எந்தப் பயிற்சியின் தாள் ஒட்டினாலும் சின்னராஜ் அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாதாம். கட்டுரை எழுதும் பயிற்சி, கருவிப் பயிற்சி, ஒருமுறை தவறுதலாக நூலகர்களுக்கான பயிற்சி. மூன்று நாளும் உட்கார்ந்திருந்து புத்தகத்துக்கு எண் போடக் கற்றுக்கொண்டு வந்தோம். போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. வரும் பஸ்ஸில் பசி. மேனகா சிவப்பிலும் நீலத்திலும் குறிப்பு எடுப்பாள். நாங்கள் அதை ஜெராக்ஸ் எடுப்போம், எல்லாம் கருப்பாக வரும். எங்கள் வீட்டில் அம்மா அந்தச் சணல் பைகளில்தான் காய்கறி வாங்கி வருவார். "அடுத்த மீட்டிங்கி எப்ப சாமி? இந்தப் பை காது அந்துபோச்சு" என்பார்.

நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக எனக்கு அதற்குப் பிறகு எதுவும் இருந்ததில்லை.

முதல் நாள் வருகைப் பதிவுத் தாள் சுற்றி வந்தது. மூன்று நாள், முற்பகல் பிற்பகல், ஆளுக்கு ஆறு கட்டம். விக்னேஷ் என்ற மாணவன் ஆறிலும் கையெழுத்துப் போட்டு நகர்த்தினான். அவனைப் பார்த்து அந்த வரிசையே ஆறிலும் போட்டது. மேனகா தாளைப் பார்த்தாள், சத்தம் போடாமல் இரண்டாகக் கிழித்தாள், வேறு தாள் கொடுத்தாள்.

"நாளைக்கு நீ உசுரோட இருப்பீன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"நம்பிக்கதானுங்க மேடம்."

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் முற்பகல் அவளுடைய வகுப்பு. தரவைச் சரிபார்ப்பது எப்படி என்பது தலைப்பு. திரையில் களக் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். பெயர் மறைத்திருந்தது. காபிச் செடியின் எண், கிளையின் எண், காய்த்துளைப்பான் வண்டு ஓட்டை போட்ட காய்கள் எத்தனை என்ற எண்.

"ஒரு பக்கம் செடிகிட்டப் போய் எண்ணி எழுதுனது. இன்னொண்ணு உக்காந்த எடத்துல எழுதுனது. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பக்கத்திலும் ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு. அந்தப் பழக்கம் எங்கள் துறையில் ஒருவனுக்குத்தான் இருந்தது. எனக்கு.

ஆளாளுக்கு ஊகித்தார்கள். கறை உள்ள பக்கம் உண்மை என்றான் ஒருவன். டீயை ரூமிலும் கொட்டலாம் என்றாள் ஷீனா. கடைசியில் விக்னேஷ் எழுந்தான்.

"வலது பக்கமுங்க மேடம். அது பொய். அதுல ஒரு சைபர்கூட இல்ல."

"அதுக்கு?"

"அத்தன கெளையப் பாத்தா, ஒண்ணுமில்லாத கெள பாதியாச்சும் இருக்கும். இவரு ஒண்ணுமில்லன்னு எழுத மனசில்லாம எல்லாத்துலயும் ரெண்டு, மூணு, ஏழுன்னு போட்டு வெச்சிருக்காரு. எம்எஸ்சில நானும் இதே மாதிரி போட்டிருக்கேனுங்க, அதான் தெரியுது."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இதே மலையில், வெள்ளக்கடை ஊருக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் அறுபது செடிகளை அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை ஓட்டைக் காய்களை எண்ணுவதுதான் என் ஆய்வு. மூன்று வருடம் ஒழுங்காக எண்ணினேன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அந்த வாரத்துக்கு முந்தைய வாரத்தைப் பார்த்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல் இல்லை, மழை இருந்தது. அதற்கடுத்த வாரம் மழையும் இல்லை. இப்படிப் பதினொரு வாரம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அறுபது செடிகளை எழுதினேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாதையன் வழியில் பார்த்தால், "என்னங்க, செடியெல்லாம் உங்களக் காணோம்னு கேக்குதுங்க" என்பார். அவர் கிண்டல்தான் செய்தார். நான் வேறு பாதையில் நடக்க ஆரம்பித்தேன்.

அதன் பிறகுதான் சேலத்தில் அந்தப் புள்ளியியல் பயிற்சி. அவரவர் தரவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என்னுடைய வரைபடம் மழையில் ஏறி வெயிலில் இறங்கி, கையால் வரைந்ததுபோல அவ்வளவு அழகாக வந்தது. பயிற்சி கொடுத்தவர் அதைத் திரையில் போட்டு, களப்பணி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். அன்றைக்கும் கைதட்டினார்கள். பக்கத்தில் மேனகா. அவளும் தட்டினாள். அடுத்த திங்கள்கிழமை நான் துறைக்குப் போகவில்லை. குடும்பச் சூழ்நிலை என்று கடிதம் எழுதினேன். அப்பா அம்மா நன்றாகத்தான் இருந்தார்கள். எந்தச் சூழ்நிலையும் இல்லை.

டீ இடைவேளையில் எல்லோரும் சமோசாவுக்கு வரிசையில் நிற்க, மேனகா என்னிடம் வந்தாள்.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கே இல்ல. நீ போனதுக்கப்புறம் உன் நோட்டெல்லாம் லேப்ல கெடந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு எடுத்துப் பாத்தேன்."

"ஊரு ஊராப் போட்டுக் காட்டுறியா?"

"எல்லாப் பயிற்சிலயும் காட்டுவேன். இன்னிக்குக் காட்ட வேண்டாம்னு நெனச்சேன். அப்புறம், எனக்குத் தெரியும்கறது உனக்குத் தெரியாம நான் கைடுன்னு கையெழுத்துப் போடக்கூடாதுன்னு தோணுச்சு."

"நேராச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஓடியிருப்ப. அதுல நீ நொம்பக் கெட்டிக்காரன்."

அவள் சமோசாவைப் பிட்டு பாதியை என் தட்டில் போட்டாள். சின்னராஜ் இருந்திருந்தால் அந்தப் பாதிக்கும் சண்டை வந்திருக்கும். அவன் இப்போது துபாயில் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறான்.

"மத்த மூணு வருசத் தரவு நல்ல தரவு ஆசிர். நான் சோதிச்சுப் பாத்துட்டேன். இந்த மலைல அத்தன வருசம் வாரா வாரம் எண்ணுன ஆளு நானறிய வேற யாருமில்ல. பதினோரு வாரத்தத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்த வெச்சு ஆரம்பி."

"கமிட்டி கேட்டா?"

"அது நீ எழுதறதுல இருக்குது."

மூன்றாம் நாள் கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். இருபத்தாறு இளம் முகங்களுக்கு நடுவில் தூக்கம் கெட்ட என் முகம். விண்ணப்பப் படிவத்தை வரவேற்பு மேசையில் வைத்து நிரப்பினேன். பெயர், பழைய பதிவு எண், துறை. ஆறாவது வரி: ஆய்வை இடைநிறுத்தியதன் காரணம். அந்தக் கோட்டின் நீளத்துக்குக் குடும்பச் சூழ்நிலை என்பது கச்சிதமாக உட்காரும். அதற்காகவே போட்ட கோடு மாதிரி இருந்தது.

வேன் ஹாரன் அடித்தது. மேனகா பேனாவோடு நின்றாள். நான் எழுதினேன்: பதினொரு வாரக் கள எண்ணிக்கையை எண்ணாமல் எழுதினேன். அதைச் சொல்லத் துணிவில்லாமல் விலகினேன். கோடு போதவில்லை. இரண்டாம் வாக்கியம் ஓரத்தில் ஏறியது.

அவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"இத மட்டும் எழுதாம இருந்திருந்தா கண்ண மூடிட்டுக் குடுத்திருப்பாங்க."

"தெரியும்."

"இப்ப கமிட்டில உன் பக்கத்துல நானும் உக்காந்து திட்டு வாங்கணும்."

"பழக்கந்தான உனக்கு?"

"போடா." படிவத்தைச் சுவரில் வைத்து, கைடு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வேன் கதவை விக்னேஷ் திறந்து பிடித்திருந்தான். என்னைப் பார்த்து, "வர்றேனுங்க சார், ராத்திரி சுடுதண்ணி நல்லா வந்துச்சுங்க" என்றான். திரையில் பார்த்த பக்கம் யாருடையது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

கமிட்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு நிமிடம். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒருவர் மேனகாவை மட்டும் பார்த்தார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பழைய பதிவைப் புதுப்பிக்க இயலாது. பழைய தரவு எதையும் பயன்படுத்தக் கூடாது. புதிதாக விண்ணப்பிக்கத் தடை இல்லை.

மேனகாவுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"மூணு வருசத்தையும் வேண்டாம்னுட்டாங்களா? நல்ல தரவுடா அது."

"அவங்க எதுக்கு நம்போணும்? நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

"அப்ப மொதல்லருந்தா? கோர்ஸ் வொர்க், நுழைவுத் தேர்வு, புது ஆளுங்களுக்கான ஆய்வு நெறிமுறைப் பயிற்சி, எல்லாமே? பக்கத்துல இருபத்திமூணு வயசுப் பசங்க உக்காந்திருப்பாங்க. அங்கிள்னு கூப்புடுவாங்க."

"பை குடுப்பாங்கல்ல?"

சிரித்தாள். பிறகு நுழைவுத் தேர்வின் தேதியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

செல்வமேரி அக்கா டூட்டி ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் எனக்கு விடுப்பு வேண்டும், சனிக்கிழமை விடியலில் வெள்ளக்கடை போக வேண்டும் என்றேன். செடிகள் இருக்கின்றனவா, எஸ்டேட்டில் உள்ளே விடுவார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"எத்தன வாரத்துக்குங்க ஆசிர்?"

"நாலு வருசத்துக்குங்க அக்கா. ஒரு வாரங்கூட விட முடியாதுங்க."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரிஜிஸ்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு, பகல் ஷிப்ட் பார்க்கும் வசந்த்தின் பெயரை எழுதினார். "அவங்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க சாமி. என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியாது" என்றார்.

வசந்த்திடம் சொல்லப் போனேன்.