நெவ்யானாவின் நாற்பதாம் நாள்

என் வீட்டில் ஒரு கை மட்டும் பின்னி நிறுத்திய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. எட்டாம் பாடத்தோடு மூடிவைத்த ஜெர்மன் புத்தகம் இருக்கிறது. கார் ஓட்டப் படித்ததும் பாதிதான். முன்னால் ஓட்டுவேன், பின்னால் எடுக்க வராது. ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட என் புருஷன், போகும்போது "உனக்கு எதைத்தான் முழுசா முடிக்கத் தெரியும், மில்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மட்டும் கல்யாணத்தைக் கடைசிவரை நடத்திக் கிழித்துவிட்டாராக்கும்.

இப்போது என் நாவலும் நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இதையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தேன்.

ஆற்றங்கரை ஊரான லோமில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அடையாள அட்டை நகல், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வரும். அதிகமாக வருவது அஞ்சலி நோட்டீஸ்தான். எங்கள் ஊரில் செத்தவரை லேசில் விடுவதில்லை. செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம், வருஷம் என்று கறுப்புக் கட்டம் கட்டி, படம் போட்டு அச்சடித்து, வாசல் கதவிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டே இருப்போம். ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டோம். கிழிப்பது மழையின் வேலை.

ஆள் வராத மதியங்களில் கடைக் கணினியிலேயே நாவலை எழுதினேன். கதாநாயகி பெயர் நெவ்யானா. பதினொன்றாம் அத்தியாயத்தில் புருஷனை விட்டுக் கிளம்பி, கையில் ஒரு பெட்டியோடு படகுத்துறைக்கு வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். புயலை வரவழைத்துப் பார்த்தேன், அண்ணனை வரவழைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. தொடங்கியபோது இருந்த ஆசை தீர்ந்திருந்தது, முடிவோ கண்ணுக்கெட்டவில்லை. பழைய பக்கங்களைப் படித்தால் எல்லாம் அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் எனக்கு ஒரே ஒரு வாசகர். தரைத்தளத்து மெத்தோதி. இழுவைப் படகில் எந்திரம் பார்த்தவர், முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயத்தை அவர் தபால் பெட்டியில் போடுவேன். ஐந்து சனிக்கிழமை பெட்டி காலியாக இருந்ததும் படிக்கட்டில் மறித்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு இன்னும் துறையிலயேவா நிக்குது?"

"அதை விட்டுட்டேன்ணே. எனக்கு வராது."

"விட்டுட்டியா? பெட்டியும் கையுமா அவளை அங்க நிக்க வச்சிட்டு, நீ பாட்டுக்கு வந்துட்ட?"

"வெறும் காகிதம்ணே அது."

"உனக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தார். ஒரு தாளை என் முன் வைத்து, "பத்துப் பிரதி அடி" என்றார். அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது:

'கண்ணீர் அஞ்சலி. நம்மை விட்டுப் பிரிந்து நாற்பது நாள். நெவ்யானா, வயது முப்பத்தொன்று. படகுத்துறையில் காத்திருந்து, கேட்பாரற்று மறைந்தாள். துயரத்தில் வாடும் ஒரே வாசகன்.'

எனக்குக் காது சுட்டது. "விளையாடுறீங்களா?"

"செத்தவங்க விஷயத்துல விளையாடுவேனா? நீதானே கதையை முடிச்ச. அடி."

"படம் வேணுமே!"

"துறையோட படத்தைப் போடு. அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நீ எங்க எழுதின?"

அந்த ஆத்திரத்திலேயே அடித்துக் கொடுத்தேன். ஆனால் கறுப்புக் கட்டத்துக்குள் அவள் பெயரைத் தட்டும்போது, உண்மையைச் சொல்கிறேன், இரண்டு முறை தப்பாகத் தட்டி அழித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நோட்டீஸ் எங்கள் கட்டடக் கதவில் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே மூன்றாம் மாடிப் பென்கா நான்கு கார்னேஷன் பூக்களோடு நிற்கிறாள். செத்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ கொடுப்போம்.

"அடி மில்கா! யாருன்னு மெத்தோதியைக் கேட்டா, உனக்கு ரொம்ப வேண்டியவளாம்னார். முப்பத்தொண்ணு சாகுற வயசாடி?"

"அவ சாகலக்கா."

"ஐயோ ஆண்டவனே, உயிரோட இருக்கிறவளுக்கா நோட்டீஸ்!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் எழுதுற கதையில வர்றவக்கா. படகுத்துறையில நிக்கிறா."

பென்கா ஒரு கணம் என்னை முறைத்தாள். மெத்தோதி மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"ஏன் நிக்கிறா? படகு வரலியா?"

"வந்துச்சு. அவதான் ஏறல." சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. படகு வந்ததாக நான் எழுதவே இல்லை.

"ஏன் ஏறல?"

"பெட்டியைத் திறந்து பாத்தாக்கா. அவசரத்துல புருஷனோட பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கா. சட்டையெல்லாம் மடிச்சு வச்சு, மேல அவன் பேருக்கு ஒரு டிக்கெட்டு. அவனும் அன்னிக்குச் சொல்லாம கிளம்ப இருந்தான்."

"அடப்பாவி!" பென்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?"

"தெரியாதுக்கா."

"தெரியாதாம்! போய் எழுதுடி, தெரியும்." பூக்களை நீட்டியவள், சட்டென்று ஒன்றை உருவிக்கொண்டு மூன்றை மட்டும் கொடுத்தாள். "உயிரோட இருக்கிறவளுக்கு ஒத்தைப்படைதான்."

அந்த மூன்று பூவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். என் புருஷன் ஸ்பெயினுக்குக் கொண்டுபோன பெட்டியை அடுக்கிக் கொடுத்தது நான்தான். சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன், திரும்பி வருவார் என்று. அதை எழுதப் பயந்துதான் நெவ்யானாவைப் பெட்டியைத் திறக்க விடாமல் நாற்பது நாள் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டாம் அத்தியாயம் மெத்தோதியின் தபால் பெட்டியில் விழுந்தது. படகின் எந்திரச் சத்தத்தை நான் எழுதியிருந்த வரியை மட்டும் அவர் பென்சிலால் திருத்தி அனுப்பினார்.

அதற்காக எல்லாம் சரளமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். எழுத உட்காரப் பிடிக்காத நாள்தான் அதிகம். ஆனால் காலையில் வெளியே போகும்போது கதவில் அவள் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும். கோபம் வரும். கோபம் வந்தால் இரண்டு பக்கம் எழுதுவேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கதவில் பசை மட்டும் மிச்சம். விட்டது சனியன் என்று சந்தோஷப்பட்டேன். அந்த வாரம் ஒரு வரி எழுதவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

திங்கட்கிழமை காலை நான் பசை டப்பாவோடு கதவருகே நிற்கும்போது மெத்தோதி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஒட்டுற? யாரு போனது?"

ஈரக் கதவில் நெவ்யானாவின் நோட்டீஸை உள்ளங்கையால் நீவிவிட்டேன்.

"இன்னும் அறுபது பக்கம் இருக்குண்ணே" என்றேன்.