ஐந்தாம் பாதையில் கொஞ்சம் ஈரம்

நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலும் கீழுமாகவே போய்வந்தவனுக்கு, மனிதர்கள் நேர்கோட்டில் பறப்பதைக் கண்டால் தலைகால் புரியாது. அதனால், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான விளையாட்டுப் போட்டி எங்கள் ஊரில் நடக்கப்போகிறது, தொண்டர்கள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கூடவே என் மனைவி பெயரையும். அவள் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவள். அவளுடைய வார்டுக்குள் கிருமிகள்கூடக் கைகழுவிவிட்டுத்தான் வரும்.

எங்களுக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. மேட்ரனின் தம்பி மகள், வீட்டில் எல்லோருக்கும் ‘பட்டாசு’, நால்வர் தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவள். அவள் படிக்கும் பல்கலைக்கழகம் இந்தப் போட்டிக்கு முதன்முறை போனபோது ஒரே ஒரு பையனை அனுப்பியது. அவன் ஓடி முடிப்பதற்குள் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள் என்பது என் கணக்கு. அடுத்த முறை பட்டாசையும் சேர்த்து நான்கு பெண்கள் போனார்கள்; கைமாற்ற வேண்டிய கோலைப் பாதியில் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இந்த முறை இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தே தீர வேண்டும். பட்டாசுக்குப் படிப்பு முடிகிறது. மாணவி இல்லையென்றால் இந்தப் போட்டியும் இல்லை.

எங்களைக் கடைசிக் கோல் மாறும் இடத்தில் நிறுத்தினார்கள். கோலை வாங்கப்போகிறவள் தனக்குப் பின்னால் பாதையில் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிவைப்பாள். கோலோடு வருகிறவள் அதை மிதித்த நொடியில் இவள் முன்னால் பாய வேண்டும். முந்தினால் கோல் கைக்கு எட்டாது. பிந்தினால் இரண்டு பேரும் மோதிக்கொண்டு விழுவார்கள். ஒரு தகுதிச் சுற்று முடிந்ததும் பழைய நாடாக்களை உரிப்பதுதான் எங்கள் வேலை.

குப்பைக்கூடை வைக்க மறந்திருந்தார்கள். மேட்ரன் தயங்கவே இல்லை. முதல் சுற்று நாடாக்களை உரித்து உரித்து என் முதுகில் ஒட்டினாள்.

“அசையாம நில்லுங்க.”

“நான் என்ன நோட்டீஸ் போர்டா?”

“நோட்டீஸ் போர்டு எதிர்த்துப் பேசாது.”

இதற்குள் இரண்டாம் சுற்றுப் பெண்கள் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் நாடாவை ஒட்டிவிட்டு அதன்மேலேயே காவல் நின்றார்கள். எங்கள் பட்டாசு மட்டும் ஐந்தாம் பாதையில் மஞ்சள் நாடாவை ஒட்டிவிட்டு, மேல்சட்டையைக் கழற்ற ஓரமாகப் போனாள். மேட்ரன் கண்ணில் அநாதையாகக் கிடந்த மஞ்சள் பட்டது. உரித்தாள். என் முதுகில் அறைந்தாள். அதோடு விட்டாளா? பிசுக்கு இருக்கிறதாம்! தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள்.

பட்டாசு திரும்பி வந்தாள். குனிந்து பாதையைத் தேடினாள்.

“அத்தை! என் நாடா எங்க?”

“எந்த நாடா?”

“மஞ்சளா ஒட்டியிருந்தேனே!”

“அதுவா? குப்பைன்னு எடுத்துட்டேன்டி.”

“ஐயோ அத்தை! மாமா, திரும்புங்க!”

திரும்பினேன். அவள் பிய்த்த வேகத்தில் சட்டையும் என் தோலில் பாதியும் கூடவே போயிருக்கும். நாடாவை ஈரத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அது சுருண்டுகொண்டு எழுந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி எழுந்தது.

“பாதையில யாரும் நிக்காதீங்க! வெளிய வாங்க!” என்று நடுவரம்மா கொடியை ஆட்டினாள்.

நாங்கள் வெளியே ஓடினோம். பட்டாசு நாடாவைத் தூக்கி என்மேலேயே எறிந்துவிட்டுப் பாதையைப் பார்த்தாள். செங்கல் நிறத் தளத்தில், மேட்ரன் துடைத்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது.

“அத்தை, அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிக்கும்?”

“நான் துடைச்சா ஈரம் நிக்கவே நிக்காது!” என்று பெருமையாகச் சொன்ன மேட்ரன், சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்தது.

அன்றைய வெயில் இரும்பை உருக்கி ஊற்றும். தலையணை அகலத்துக்கு இருந்த ஈரம், முதல் பெண் கோலைக் கொடுப்பதற்குள் கைக்குட்டை ஆயிற்று. இரண்டாமவள் ஓடும்போது உள்ளங்கை. நான் சூரியனை முறைத்த முறைப்பில் அது ஒரு முழம் பின்வாங்கியது; நம்பாதவர்கள் மேட்ரனைக் கேட்கலாம். மூன்றாமவள், ‘நெட்டை’ என்று அழைக்கப்படுகிறவள், வளைவில் திரும்பினாள். ஈரம் பிஸ்கட் அளவுக்கு வந்துவிட்டது.

“காயாதே, காயாதே!” என்று தரையைப் பார்த்துக் கெஞ்சினாள் மேட்ரன். ஆயுள் முழுக்கத் தரை காயவில்லை என்று ஆட்களைத் திட்டியவள்!

நெட்டையின் கால் அந்தப் பிஸ்கட்டை மிதித்தது. பட்டாசு வெடித்தாள்! பின்னால் நீட்டிய கையில் கோல் வந்து உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை, நானே கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேரைத் தாண்டினாள். மூன்றாவது ஆளோடு தோளுக்குத் தோள் உரசிக்கொண்டே கோட்டைக் கடந்தாள்.

முடிவு காட்டும் பெரிய பலகை யோசித்தது. முதல் இரண்டு அணிக்குத்தான் இறுதிச்சுற்று. மேட்ரன் என் கையைப் பிடித்தாள். நாடி பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது இடத்தில் எங்கள் பட்டாசின் பல்கலைக்கழகப் பெயர் மின்னியது!

மேட்ரன் சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். உதிரப்போன நாடாக்களெல்லாம் கெட்டியாக ஒட்டிக்கொண்டன. நெட்டையையும் மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு பட்டாசு மூச்சிரைக்க ஓடிவந்து எங்கள்மேல் விழுந்தாள்.

“அத்தை, நாளைக்கு ஃபைனல். அந்தக் கைக்குட்டையோட வந்துடுங்க. ஆனா, கொஞ்சம் மோசமா துடைங்க.”

“மோசமாவா?” மேட்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சீறினாள். “நீ வேணும்னா இன்னும் வேகமா ஓடுடி!”