ஆறு பேர் இருக்கும் படம்

இப்போதெல்லாம் செத்தவனைக்கூட யாரும் சும்மா விடுவதில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்புவதற்குள் அவன் முகத்தை வெட்டி, வெளுப்பாக்கி, பின்னால் ஒரு நீல வானத்தை வைத்து ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அழுகிறவர்களும் ஒரு கையால்தான் கண்ணைத் துடைக்கிறார்கள். மறு கையில் போன்.

என் அக்காள் புருஷன் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. போருக்குப் போய்வந்த மனிதர். தொண்ணூறைத் தாண்டியும் தன் சட்டையைத் தானே துவைத்துப் போட்டவர். முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தில், போய்ச்சேர்ந்தவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். சீருடையில் இருந்தால்தான் மாட்டுவார்களாம். மச்சானிடம் சீருடைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சண்டைக்குப் புறப்படுமுன் ஒரு கூடாரத்துக்கு முன்னால் ஆறு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டது. மற்ற ஐந்து பேரும் திரும்பவில்லை. அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை.

மறுநாள் சங்கத்தில் மாட்ட வேண்டும். அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கிவர போட்டோக் கடைக்குப் போனோம். நான், அவருடைய மகள், அவள் பிள்ளைகள் மூன்று பேர். ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் கடை நிறைந்துவிடும். சுவர் முழுக்க யார் யாரோ மாப்பிள்ளை பெண். கடைக்காரன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "இதுல ஐயா யாருங்க?" என்றான்.

மூன்று விரல்கள் நீண்டன. மூன்றும் மூன்று முகத்தில்.

நர்ஸ் வேலை பார்க்கிற மூத்த பேத்தி நடுவில் நின்றவனைக் காட்டினாள். பேரன், கீழே குந்திச் சிரித்துக்கொண்டிருந்தவனைக் காட்டினான். சின்னவள், தொப்பியைக் கையில் வைத்திருந்த நெட்டையனை.

"என்னங்க, எலெக்‌ஷன் மாதிரி ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடுறீங்க?" என்றான் கடைக்காரன்.

"டேய், அது தாத்தா இல்லடா லூசு" என்றாள் மூத்தவள்.

"தாத்தாவே சொன்னாரு. மடியில உக்கார வச்சு, இதான்டா நானுன்னாரு."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாரு. ஆனா இந்த நெட்டையைக் காட்டி" என்றாள் சின்னவள்.

முகத்தை வைத்துச் சொல்லவும் வழியில்லை. தாடை நொறுங்கி, தைத்து ஒட்டின முகத்தோடுதான் அவர் சண்டையிலிருந்து வந்தார். என் அக்காள் கட்டிக்கொண்டது அந்த முகத்தைத்தான். அதற்கு முந்தைய முகத்தைப் பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை.

எனக்கு அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"தள்ளுங்க எல்லாரும். வலது ஓரத்துல, பாதி உடம்பு படத்துக்கு வெளியே போன மாதிரி நிக்குறாரே, அவர்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றாள் அவர் மகள்.

"எனக்குச் சொல்லியிருக்கார்."

அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஒரே வண்டியில் ஆயுசில் பாதி போனது. நான் விசில் ஊதினால் வண்டியை எடுக்கமாட்டார். திரும்பி, உட்கார்ந்திருக்கிற முகம் ஒவ்வொன்றையும் பார்ப்பார். "டிரைவர் அண்ணே, பொண்ணு பாக்குறீங்களா?" என்று கடைசி சீட்டு கத்தும். "நான் ரைட் குடுத்துட்டேன்ல மச்சான், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று நான் பொரிவேன். "இருக்கு மாப்ளே. நானும் பாத்துட்டா கொஞ்சம் நிம்மதி" என்பார். ஒரு மழைநாளில் வண்டி சேற்றில் இறங்கி, பயணிகள் எல்லாம் நடந்து போனபிறகு, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அப்போது சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். ஓரத்து ஆளைத் தொட்டு, "இது நான்" என்றார். பேரப்பிள்ளைகளிடம் விளையாடியிருக்கலாம். நான் என்ன மடியில் உட்காரும் பிள்ளையா? என்னிடம் விளையாட அவருக்கு என்ன வந்தது?

இதைச் சொன்னதும் அவர் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு இந்தக் கண்ணாடிக்காரரைக் காட்டினாரு மாமா."

மூத்தவள் நாங்கள் காட்டின முகங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள்.

"அஞ்சு பேரும் வரலைல்லம்மா. அந்த அஞ்சு பேரையும் நம்மகிட்ட ஆளுக்கு ஒருத்தரா குடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்போ யாரும் காட்டாத இந்த ஆறாவது ஆள்தானே ஐயா?" என்று கடைக்காரன் சுட்டியை நகர்த்தினான். அந்த ஆறாவது ஆளுக்குச் சப்பை முகம். படம் எடுத்த நேரத்தில் இமைத்திருக்கிறான். கண் மூடியிருந்தது.

"கண்ணைத் திறந்து விட்டுரவா? அஞ்சு நிமிஷ வேலை."

"உன் கண்ணை முதல்ல திற" என்றேன். "கழிச்சுப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்க இதென்ன கணக்கா? என் அக்காளுக்கு அவர் யாரைக் காட்டினாரோ? அவ இருந்தா கேக்கலாம். இந்த மூடின கண்ணைத்தான் காட்டினாரோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

"சித்த உக்காருங்க கண்டக்டர் தாத்தா" என்றாள் மூத்தவள்.

"உக்காந்தா மட்டும் முகம் மாறிடுமா? ஓரத்து ஆளைப் பெருசாக்குங்க."

பிள்ளைகள் மூவரும் அந்த மூடின கண்களையே பார்த்தார்கள். ஏதோ இப்போதுதான் அவரை நேரில் பார்த்ததுபோல. அவர் மகள் விரலால் திரையைத் தடவினாள்.

"இவரையே போடுங்க. கண்ணு அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களை நம்பித்தானே மாமா அந்த ஓரத்து ஆளை உங்ககிட்ட விட்டிருக்காரு" என்றாள்.

"அவர் ஆளை விடல. இது நானுன்னு சொன்னார். என்கிட்ட சொன்னார்."

"சரி மாமா."

அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. கிழவனைச் சமாதானப்படுத்தும் சரி. பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. சப்பை முகத்தின் நெற்றி முதலில் வெளியே வந்தது.

முழுசாக வரும்வரை நான் நிற்கவில்லை. "சங்கத்துக்கு நாளைக்கு வருவீங்கள்ல?" என்று பின்னாலிருந்து பேரன் கேட்டான்.

"யார் படத்தைப் பாக்க?" என்றேன்.

படியிறங்கி, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நடந்தேன். ஓரத்து ஆள்தான்.